தாப்பா மலைப்பாதையும் கிளச் மிதியும்

வீட்டு வாசலில் முதன்முதலாகச் சொந்தக் கார் நிற்கிறது. கைமாறி வந்த கஞ்சிலாக இருந்தால்தான் என்ன? 1994இல் வெளிவந்து, 2009இல் தயாரிப்பு நின்றுபோன அந்தச் சின்ன வண்டி எத்தனை தொழிலாளர் குடும்பங்களைச் சுமந்திருக்கிறது! சந்தனம் இட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி முடிந்ததும் பிள்ளைகள் கேட்பார்கள்: "அப்பா, கேமரன் மலைக்குப் போவோமா?"

போகலாம், வாசகர்களே. ஆனால் அதற்கு முன் உங்கள் இடது கால் கொஞ்சம் படிக்க வேண்டும்.

பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து பகாங்கைச் சேர்ந்த தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பள்ளத்தில் தொடங்கும் பாதை 1,400 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவே வளைவுக்கு மேல் வளைவு. எதிரே காய்கறி லோரி இறங்கி வரும். ஐந்து பேரை ஏற்றிய சின்ன எஞ்சின் மூச்சு வாங்கும். இந்தப் பாதையில் கிளச் பழகுவது சரியல்ல, பழகிவிட்டுத்தான் வரவேண்டும்.

நம்மில் பலர் வருடக்கணக்காகக் கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள். அதில் கியரைக் காலால் மாற்றினால் போதும். கிளச் தானாகவே வேலை செய்துவிடும். காரில் அப்படியல்ல. கியர் இடது கைக்குப் போய்விடுகிறது, கிளச் இடது காலுக்கு வந்துவிடுகிறது. தடுமாற்றம் அங்கேதான்.

கிளச் என்பது என்ன? எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரத்தோடு ஒரு தட்டு ஒட்டிக்கொண்டு, சக்தியைக் கியர்ப் பெட்டிக்குக் கொடுக்கிறது. மிதியை அழுத்தினால் தட்டு விலகும், விட்டால் ஒட்டும். பாதி அழுத்தி வைத்தால் ஒட்டாமலும் விலகாமலும் உராயும். அந்தச் சூட்டில் தட்டு தேயும், கருகல் வாடை வரும். தட்டு மாற்றும் செலவு ஒரு மாத வீட்டுச் சாமானை விழுங்கிவிடும்!

ஞாயிறு காலையில், பிள்ளைகள் விளையாடாத நேரத்தில், ஆளில்லாத திடலுக்கு வண்டியைக் கொண்டு போங்கள். ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஜப்பான் சிலிப்பர் வேண்டாம். அது மிதிக்கடியில் மாட்டிக்கொள்ளும். தட்டையான சப்பாத்து நல்லது. முதல் கியரைப் போட்டு, எண்ணெய் மிதியைத் தொடாமல், கிளச்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் தாழும்; வண்டி லேசாக நடுங்கும். அதுதான் கிளச் பிடிக்கும் இடம். கண்ணை மூடினாலும் கால் அதைக் கண்டுபிடிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்த பாடம் மேடு. கைபிரேக்கை இழுத்து நிறுத்துங்கள். கிளச் பிடிக்கும் இடம்வரை காலைத் தூக்கி, சற்றே எண்ணெய் கொடுங்கள். வண்டி முன்னே இழுப்பது தெரிந்ததும் கைபிரேக்கை விடுங்கள். பின்னுக்கு உருளாமல் வண்டி ஏறும். விடுமுறை நாளில் ரிங்லெட் அருகே வாகனங்கள் வரிசை பிடித்து நிற்கும்போது இந்தப் பாடம் கைகொடுக்கும். அப்படி நிற்கையில் வண்டியைக் கிளச்சில் தாங்க வேண்டாம், கைபிரேக்கே தாங்கட்டும்.

ஏறும்போது லாத்தா இஸ்கண்டார் அருவியில் நிறுத்துங்கள். பிள்ளைகள் கால் நனைக்கட்டும், எஞ்சினும் ஆறட்டும். மேலே தேயிலைச் சரிவுகள் கண்ணை நிறைக்கும். போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கியது. அந்தச் சரிவுகளில் நம்மவர்களும் கூடை சுமந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஏற்றத்தைவிட இறக்கம் பொல்லாதது. பெட்ரோல் மிச்சமாகும் என்று கியரை எடுத்துவிட்டு உருட்டாதீர்கள். கிளச்சை மிதித்தபடியும் இறங்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான்: எஞ்சினின் பிடி போய்விடும், பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் மிதித்தும் கேட்காது. இரண்டாவது கியரில், கிளச்சிலிருந்து காலை எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள்.

காரின் தவணையை மாதாமாதம் கட்டிவிடலாம். பின்னிருக்கையில் தூங்கிவரும் பிள்ளைகளுக்குத் தவணை கிடையாது. கால் பழகட்டும்; மலை எங்கும் ஓடிப்போகாது.