கயிறு பிடிக்க ஒரு மச்சான் வேணும்

உளுந்தூர்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது டோல்கேட். அதை விட்டால் சென்னை-திருச்சி பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் எட்டிப் பார்த்த பஸ் ஸ்டாண்ட். கடலுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி போனால்தான் அலையைப் பார்க்கலாம், அதுவே சுமார் 75 கிலோமீட்டர். இந்த ஊர்க்காரன் ஸ்கூபா டைவிங் பற்றி எழுதுவதா என்று சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரிக்கலாம், ஆனால் கடைசிவரை படித்துவிட்டுச் சிரியுங்கள் :-)

எங்கள் செட்டில் ஐந்து பேர் புதுச்சேரியில் முதல் முறையாக முக்குளிக்கப் போனோம். கிளம்பும்போது எல்லோருக்கும் ஒரே தெனாவட்டு. பின்னே? சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு வயல் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள், மோட்டார் ரூம் மேலிருந்து தலைகீழாகக் குதித்தவர்கள், அடியில் போட்ட காசை மூச்சைப் பிடித்து எடுத்து வந்தவர்கள். கடலில் உப்பு இருக்கும், அவ்வளவுதானே வித்தியாசம் என்பது எங்கள் கணக்கு.

கடையில் இருந்த பயிற்சியாளர் அண்ணன் மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கிணத்துல கத்துக்கிட்டதுல ஒண்ணை மட்டும் இங்கியே கழட்டி வச்சிட்டு வாங்க தம்பி. மூச்சைப் பிடிக்கிற பழக்கம்" என்றார்.

ஏன் என்று அவர் விளக்கியது பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பாயில் விதிதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. கிணற்றில் குதிக்கிறவன் மேலே இழுத்த மூச்சோடு போகிறான். அந்தக் காற்று கீழே சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்குத் திரும்பும், ஆபத்தில்லை. ஸ்கூபாவில் 10 மீட்டர் ஆழத்திலேயே நுரையீரல் நிறைய மூச்சு இழுக்கிறோம். அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு பங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் தாங்காது. ஓரிரு மீட்டர் ஏறினால்கூடக் கிழியலாம். அதனால்தான் இந்த விளையாட்டின் முதல் விதி: எக்காரணம் கொண்டும் மூச்சை நிறுத்தாதே.

அடுத்து கருவிகள். பத்திரிகைகளில் 'ஆக்ஸிஜன் சிலிண்டருடன் கடலில் இறங்கினர்' என்று எழுதுவார்கள். உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் அதே சாதாரணக் காற்று, வடிகட்டி அழுத்தி அடைத்தது. சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே விஷமாகி வலிப்பு வரலாம். காரின் டயரில் சுமார் 2 பார் அழுத்தம் என்றால் இந்த சிலிண்டரில் 200 பார், நூறு மடங்கு! அந்த அழுத்தத்தை இறக்கி, நாம் இருக்கும் ஆழத்துக்கு ஏற்றபடி, இழுக்கும்போது மட்டும் காற்று தருவதுதான் ரெகுலேட்டர். 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் சேர்ந்து உருவாக்கியது. போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் காரை எரிவாயுவில் ஓட்ட கன்யான் செய்த வால்வுதான் அதன் ஆரம்பம். நெடுஞ்சாலை ஊர்க்காரன் என்பதால் இந்தத் தகவல் எனக்கு ரொம்பப் பிடித்தது.

ரெகுலேட்டரில் இரண்டு வாய்க்கருவிகள் தொங்கின. ஒன்று கறுப்பு, ஒன்று பளிச்சென்ற மஞ்சள். "ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணாண்ணே?" என்று கேட்டேன். "மஞ்சள் உனக்கில்ல தம்பி. பக்கத்துல வர்றவனுக்கு" என்றார். கூட வருபவனுக்குக் காற்று தீர்ந்தால் அவனுக்கு நீட்டுவதற்காகவே ஒவ்வொருவரும் அதைச் சுமக்கிறோம். சட்டையின் கொக்கிகள், எடை பெல்ட், காற்று அளவு என்று எல்லாவற்றையும் இறங்கும் முன் ஒருவருக்கொருவர் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். தனியாக இறங்கக் கூடாது.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியபோது, கயிற்றைப் பிடிக்க மேலே படகில் ஓர் ஆள் இருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். தாமதித்தால் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றை மனைவியின் அண்ணன் தம்பியிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தன் தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும் அல்லவா? தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. நாம் மட்டும் சிநேகிதனை இன்னும் 'மச்சான்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

எங்கள் பக்கத்திலும் தூர் வாரக் கிணற்றில் இறங்குபவருக்குக் கயிறு உண்டு, மேலே ஆள் உண்டு. முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை என்று அர்த்தம். ஆனால் ஆயில் என்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடை அந்த விளக்கு காட்டாது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் நிரப்பும் கம்ப்ரஸரிலும் இதே ஆபத்து உண்டு. காற்று இழுக்கும் குழாய் என்ஜின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் விஷம் சிலிண்டருக்குள்ளேயே போய்விடும். அந்தக் கடையில் கம்ப்ரஸர் எங்கே, குழாய் எங்கே என்று கேட்டேன். அண்ணன் சந்தோஷமாகக் கூட்டிப்போய்க் காட்டினார்.

இனி முக்கியமான விஷயம். எல்லோருக்கும் ஒரு மருத்துவப் படிவம் கொடுத்தார்கள். எங்களில் ஒருவனுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு, பையில் இன்ஹேலர் இருக்கும். 'எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் அடிச்சிடு மச்சான், யாருக்குத் தெரியப் போவுது' என்று ஒருவன் காதைக் கடித்தான். அவன் உள்ளதை எழுதினான். அண்ணன் படித்துவிட்டு, டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டேன் என்று சொல்லி, அவனுடைய பணத்தை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டார். கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு. 'இவ்ளோ தூரம் வந்து...' என்று.

எனக்கு அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. மூச்சுக்குழாய் சுருங்கினால் நுரையீரலின் ஒரு பகுதியில் காற்று மாட்டிக்கொள்ளும். மேலே வரும்போது அது விரியும், வெளியேற வழி இருக்காது. அவன் மூச்சைப் பிடிக்காவிட்டாலும் உடம்பே பிடித்துக்கொள்ளும். பொய் டிக் அடிக்கச் சொன்னவன் கெட்டவன் இல்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் கயிறு அவன் கையில் இருந்தது, அது அவனுக்கே தெரியவில்லை.

அன்று மாலையே கல்வராயன் மலைக்கு வண்டியை விட்டு மேகம் அருவியில் குளிக்கலாம் என்றும் ஒரு திட்டம் வைத்திருந்தோம். அதற்கும் அண்ணன் தடை போட்டார். ஆழத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். ஒரு முறை முக்குளித்தால் 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. 600 மீட்டருக்கு மேல் மலை ஏறினாலும் இதே கதைதான். உளுந்தூர்பேட்டைவரை சமவெளி, பயமில்லை. மலையை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டோம்.

நீங்களும் போகப் போகிறீர்கள் என்றால் விலையைக் கேட்கும் முன் இதையெல்லாம் கேளுங்கள். மருத்துவப் படிவம் தருகிறார்களா? தண்ணீரில் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? படகில் முதலுதவிக்கு ஆக்ஸிஜன் இருக்கிறதா? சிலிண்டரில் சோதனைத் தேதி பொறித்திருக்கிறதா? கடல் சரியில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருவார்களா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற கடை என்றால் ஒரு டீ குடித்துவிட்டு ஊர் திரும்புங்கள்.

நாங்கள் நால்வர் இறங்கினோம். வீசிங்காரன் படகில் உட்கார்ந்து, படகோட்டியோடு சேர்ந்து எங்கள் மூச்சுக் குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நாலு இடத்தில் குமிழி வருகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்த்தானாம். அடுத்த மாதம் அவனை நெஞ்சக நோய் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவர் கையெழுத்துப் போட்டால் அவன் முக்குளிக்கும்போது படகில் நான் உட்காருவேன். போடவில்லை என்றால் இரண்டு பேரும் அலையில் கால் நனைத்துவிட்டு வருவோம்.