காதுவலி: சில குறிப்புகள்

• குளிப்பாட்டிய தண்ணீர் காதில் போய்த்தான் சீழ் பிடித்தது என்பார்கள். செவிப்பறை ஓட்டையில்லாமல் இருக்கும்வரை வெளித்தண்ணீருக்கு நடுக்காதில் நுழைய வழியே கிடையாது. வினை மூக்கிலிருந்து வருகிறது.

• மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைப்பது யூஸ்டேஷியன் குழாய். பெரியவர்களுக்கு அது நீளம், நல்ல சரிவு. கைக்குழந்தைக்கு ஏறக்குறையப் பாதி நீளம். படுத்த வாக்கில் கிடக்கும். சளி பிடித்தால் குழாய் வீங்கி அடைபடும், உள்ளே நீர் கட்டும், அதில் கிருமி பெருகும். 6 மாதம் முதல் 2 வயது வரை இந்தத் தொல்லை அதிகம்.

• படுக்கப் போட்டால் வீறிடும். இரண்டு வாய் பால் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், விழுங்கினாலே வலி. காதைப் பிடித்து இழுப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. தூக்கம் வந்தாலும் இழுக்கும்.

• ராத்திரியெல்லாம் அழுத பிள்ளை விடிகாலையில் சட்டென்று அடங்கித் தூங்குகிறது, தலையணையில் சீழ். குணமாகிவிடவில்லை. செவிப்பறையில் ஓட்டை விழுந்து அழுத்தம் இறங்கியிருக்கிறது. பெரும்பாலும் அது தானாக மூடிக்கொள்ளும். அதற்குள் பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றினால் நேரே நடுக்காதுக்குத்தான் போகும்.

• சிலர் தாய்ப்பாலையும் காதில் விடுவார்கள். அது வாய்வழி போகட்டும்: தாய்ப்பால் குடித்து வளரும் குழந்தைகளுக்குக் காதுத்தொற்று குறைவு. புட்டிப்பாலென்றால் தலையை உயர்த்திப் பிடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகை ஆகாது.

• 2 வயது தாண்டிய குழந்தைக்கு லேசான வலியென்றால், டாக்டர் வலிமருந்து மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்ப்பதுண்டு. மருந்து எழுதாமல் அனுப்பிவிட்டார் என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் குடித்து மீந்த ஆன்டிபயாட்டிக்கைத் தங்கைக்கு ஊற்றவும் வேண்டாம்.

• நிமோகாக்கல் தடுப்பூசி: 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். அரசுத் திட்டத்தில் 2021-இல் நாடு முழுக்க வந்தது. முக்கியமாக நிமோனியாவுக்காக, காதுக்கும் ஓரளவு காப்பு.

• வலி போன பிறகும் நீர் வாரக்கணக்கில் தங்கலாம். காது மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாது, டி.வி.யைச் சத்தமாக வைக்கும், சொல்பேச்சு கேட்பதில்லையென்று திட்டு வாங்கும். 3 மாதமாகியும் நீர் வற்றாவிட்டால் கேட்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்.

• காத்திருக்கக்கூடாதவை: 6 மாதத்துக்குட்பட்ட குழந்தை, காதுக்குப் பின்னால் வீக்கம், மடல் முன்தள்ளி நிற்பது. சீழ் 2 வாரத்துக்கு மேல் வடிந்தால் ஈ.என்.டி. டாக்டர்.