கணினிக்கு மணி சொல்லும் ஆள்

எங்கள் தலைமுறைக்குச் சரியான மணி என்பது பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கைக்கடிகாரம் கட்டியிருந்தவர்கள்கூட வானொலியில் செய்திக்கு முன்பு வரும் ‘பிப், பிப்’ ஒலியைக் கேட்டுத்தான் முள்ளைத் திருத்திக்கொள்வார்கள். கடிகாரம் இல்லாதவர்களுக்கு மாதா கோயில் மணி. பிரான்ஸில் தொலைபேசியில் கூப்பிட்டால் மணி சொல்லும் ஏற்பாடே இருந்தது. ‘ஒர்லோழ் பார்லாந்த்’, அதாவது பேசும் கடிகாரம். பாரீஸ் வான் ஆய்வகத்தில் 1933 பிப்ரவரி 14 அன்று தொடங்கிய அந்தச் சேவையை 2022 ஜூலை 1-இல்தான் நிறுத்தினார்கள். இனி கேட்பார் இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும். ஆனால் கேட்பவர் இருக்கிறார். மனிதருக்குப் பதில் இப்போது கணினி கேட்கிறது.

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்று உள்ளே இருக்கும் பெரிய அட்டையில், ஒரு ரூபாய் நாணயம் போன்ற பாட்டரியில் ஓடுவது. மின்சாரம் இல்லாதபோதும் ஓடும். மற்றது, கணினி விழித்திருக்கும்போது மட்டும் ஓடுவது. காலையில் எழுந்தவுடன் இரண்டாவது முதலாவதைப் பார்த்து மணி தெரிந்துகொள்ளும். இரண்டுமே மலிவான கடிகாரங்கள். நாளாக ஆக விலகிப் போகும். அதனால் இணையம் வழியாக வெளியே நம்பிக்கையான ஒரு கடிகாரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் முறையை டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980-களில் உருவாக்கினார். அதன் சுருக்கப் பெயர் என்.டி.பி. பிறவியிலேயே கண்பார்வைக் குறைபாடு உள்ளவர் அவர். 2024 ஜனவரியில் காலமானார். உலகத்தின் கணினிகளெல்லாம் ஒரே மணி காட்டுவது அவர் புண்ணியம்.

உலக நேரத்தின் பெயரிலும் ஒரு சுவையான விஷயம் உண்டு. அதை யு.டி.சி. என்கிறார்கள். ஆங்கிலப் பெயரின்படி சுருக்கினால் சி.யு.டி. என்று வர வேண்டும். பிரெஞ்சில் ‘தான் உனிவெர்செல் கோஓர்தொனே’, அதன்படி டி.யு.சி. இரு தரப்புக்கும் இல்லாமல் யு.டி.சி. என்று வைத்துவிட்டார்கள். பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு ஆயுள் முழுக்க ஆங்கிலக் கோப்புகளில் குறிப்பு எழுதிய எனக்கு இந்த சமரசம் மிகவும் பிடிக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் ‘மணி சரிசெய்யும் சேவை தொடங்க மறுக்கிறது’ என்று என்னிடம் கேட்டதுண்டு. எனக்கு அது நேர்ந்தது 2021 ஜூனில், கொரோனா ஊரடங்கு முழுதும் விலகாத நாட்களில்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். அவர் கணவர் ‘சொல்தா’. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கணவர் போன பிறகு அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வருடத்துக்கு ஒரு முறை, தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றை அவர் அனுப்ப வேண்டும். ‘செர்த்திஃபிக்கா த வீ’. குறித்த தேதிக்குள் போகவில்லை என்றால் பணம் நின்றுவிடும். நின்றதை மறுபடி வரவழைப்பது பெரும் பாடு. படிவம் பிரெஞ்சில் இருப்பதால் நிரப்பித் தருவது என் வேலை. கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய தாளோடு அக்கா வந்தபோது கெடு முடிய நான்கு நாள் இருந்தது. கணினி மையங்கள் மூடிக் கிடந்தன. எங்கள் இருவரிடமும் இருந்தது பட்டன் கைப்பேசி. என் மேசைக் கணினியும் ஸ்கேனரும்தான் கதி.

கணினியைப் போட்டேன். எந்தத் தளமும் திறக்கவில்லை. ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்று மட்டும் வந்தது. தீர்வைத் தேடலாம் என்றால் தேடும் தளமே திறக்கவில்லை. மூலையில் தேதியைப் பார்த்தால் 2018 ஜனவரி 28, இரவு ஒன்பதரை. வெளியே பட்டப்பகல்.

தேதிக்கும் தளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு தளமும் ‘நான் இன்னார்தான்’ என்று ஒரு சான்று காட்டுகிறது. அதில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2020 செப்டம்பர் 1 முதல் கொடுக்கப்பட்ட சான்றுகளுக்கு ஆயுள் அப்போது அதிகபட்சம் 398 நாளாக இருந்தது. கணினி தன்னை 2018-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், 2021-இல் காட்டப்படும் சான்று எல்லாம் அதன் கணக்கில் இன்னும் பிறக்காதவை. ஆகவே ஒருவரையும் நம்பாது. அக்காவின் கையில் ஒரு சான்று, அந்த அலுவலகத் தளத்தின் கையில் ஒரு சான்று. இரண்டும் செல்லுபடியானவை. நடுவில் இருந்த பெட்டிக்கு மட்டும் இன்று என்ன தேதி என்று தெரியவில்லை.

“தம்பி, நான் உயிரோட இருக்கேன்னு அந்தப் பெட்டிக்கு நீங்க சொல்லக் கூடாதா?” என்றார் அக்கா.

அவசரத்துக்குத் தேதியைக் கையால் மாற்றலாம். நிர்வாகி அதிகாரத்தோடு ‘டேட்’ கட்டளை கொடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்தேன். தளம் திறந்தது. தாளை ஸ்கேன் செய்து அன்று மாலையே அனுப்பினோம். ஆனால் ‘கிடைத்தது’ என்று பதில் வர வேண்டுமே. தினமும் காலையில் “பதில் வந்துச்சா தம்பி?” என்று அக்கா வருவார். தினமும் காலையில் கணினி மறுபடி 2018 ஜனவரி 28-க்குப் போயிருக்கும். இரவில் மின்சாரத்தை அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

அது ஏன் குறிப்பாக அந்தத் தேதி? என்னிடம் இருந்தது உபுண்டு 18.04. அதில் எல்லாச் சேவைகளையும் மேய்க்கும் மேலாளர் ‘சிஸ்டம்டி’ என்ற நிரல். பாட்டரி செத்துக் கடிகாரம் ஏதோ பழைய வருடத்தைக் காட்டினால், ‘நான் உருவான நாளுக்கு முன்னால் இன்றைய தேதி இருக்க முடியாது’ என்று தன் பிறந்த தேதிக்குக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கும். அந்தப் பதிப்பின் பிறந்த தேதிதான் 2018 ஜனவரி 28. ஆக, பாட்டரி தீர்ந்தது என்பது முதல் முடிவு.

அப்படியே இருந்தாலும் இணையம் இருக்கும்போது மணி தானாகச் சரியாகியிருக்க வேண்டும். அதற்கென்றே ‘டைம்சிங்க்டி’ என்ற சேவை உபுண்டுவில் உண்டு. அது ஏன் வேலை செய்யவில்லை? ‘ஸ்டார்ட்’ என்று கட்டளை கொடுத்தேன். பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை. தொடங்கிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அலுவலகத்தில் ஒரு கோப்பு நகரவில்லை என்றால், ஆளைப் பிடித்துக் கத்துவதில் பயன் இல்லை. கோப்பைத் திறந்து கடைசிக் குறிப்பைப் படிக்க வேண்டும். லினக்ஸிலும் அதேதான். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்று அடித்து அந்தச் சேவையின் பெயரைக் கொடுத்தால் அதன் நிலையும் கடைசிக் குறிப்புகளும் வரும். இன்னும் விவரம் வேண்டுமென்றால் ‘ஜர்னல்சிடிஎல்’. படித்தேன். சேவை இயங்கவில்லை என்று இருந்தது. கீழே காரணமும் இருந்தது: தொடங்குவதற்கான நிபந்தனை நிறைவேறவில்லை, ‘குரோனிடி’ என்ற நிரல் இருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது.

குரோனியும் மணி சரிசெய்யும் சேவைதான். ஒரு பேரேட்டில் இரண்டு எழுத்தர்கள் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் எழுதியதை மற்றவர் அடிப்பார். அதைத் தவிர்க்க உபுண்டுக்காரர்கள் ஒரு விதி போட்டிருந்தார்கள். என்டிபிடி, ஓப்பன்என்டிபிடி, குரோனிடி, விபாக்ஸ்சர்வீஸ் ஆகிய நான்கில் ஒன்று கணினியில் இருந்தாலும் டைம்சிங்க்டி ஒதுங்கிக்கொள்ளும். நல்ல விதிதான். ஆனால் அந்த விதி, நிரல் வட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வேலை செய்கிறதா என்று பார்க்காது. ஒதுங்கிக்கொள்வது விதிப்படி நடப்பதால் அதைப் பிழை என்றும் சொல்லாது. கட்டளைக்குச் சத்தம் வராததன் காரணம் இதுவே.

என் வீட்டில் தங்கிப் படித்த அக்காள் மகன் ஏதோ கல்லூரி வேலைக்காகக் குரோனியைப் போட்டு, வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். நிறுத்தினானே தவிர நீக்கவில்லை. ஆகக் குரோனி வேலை செய்யவில்லை. குரோனி இருப்பதால் டைம்சிங்க்டியும் வேலை செய்யவில்லை.

அரசாங்கத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் நீண்ட விடுப்பில் போயிருப்பார். மேசையும் பெயர்ப் பலகையும் இருக்கும். பக்கத்து எழுத்தரைக் கேட்டால் ‘அது அவர் பார்க்கும் வேலை’ என்பார். அவர் சொல்வதும் சரிதான். பொறுப்பு ஒப்படைக்காமல் போனவரால் வந்த வினை. இதில் இன்னொன்று. ஏறத்தாழ இரண்டு வருடமாக அந்த நாற்காலி காலியாகவே இருந்திருக்கிறது. பாட்டரிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்த வரை யாருக்கும் தெரியவில்லை. பாட்டரி போன பிறகுதான் தெரிந்தது.

வழி இரண்டு. குரோனியை மறுபடி வேலைக்கு வைப்பது, அல்லது முறைப்படி அனுப்பிவிடுவது. வீட்டுக் கணினிக்கு டைம்சிங்க்டி போதும் என்பதால் ‘ஏப்ட் ரிமூவ் குரோனி’ என்று கொடுத்து நீக்கினேன். நீக்குவதற்கு இணையம் தேவையில்லை. புதிதாக ஏதாவது இறக்குவதாக இருந்தால் முதலில் தேதியைக் கையால் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உபுண்டுவின் பட்டியலையே ‘இது இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று கணினி தள்ளிவிடும். பிறகு டைம்சிங்க்டியைத் தொடங்கி நிலையைக் கேட்டேன். ‘இயங்குகிறது’ என்று வந்தது. சற்று நேரத்தில் உபுண்டுவின் நேரச் சேவையகத்தோடு ஒத்திசைந்துவிட்டதாக ஒரு வரி. சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடுவதும் அப்போதுதான் தெரிந்தது.

டைம்சிங்க்டி கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். அதனால் மறுநாள் காலை கணினி 2018-க்குப் போகவில்லை. முதல் நாள் இரவில் இருந்து தொடங்கி, இணையம் வந்ததும் சரியான மணிக்கு வந்து நின்றது. கடைகள் திறந்த பிறகு பாட்டரியையும் மாற்றினேன். அதன் பெயர் சி.ஆர். 2032. இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மூன்று வோல்ட். சில பத்து ரூபாய்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் இந்த வரிசையில் பாருங்கள். தேதி தப்பா என்று முதலில் பாருங்கள். அவசரமென்றால் கையால் வைத்து வேலையை முடியுங்கள். பிறகு சேவையின் நிலையைக் கேட்டு, வருவதைக் கடைசி வரி வரை படியுங்கள். ‘நிபந்தனை நிறைவேறவில்லை’ என்றால் வேறொரு நேரச் சேவை நாற்காலியைப் பிடித்திருக்கிறது. உபுண்டு 20.04 முதல் இந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள். அதில் குரோனியைப் போட்டால் டைம்சிங்க்டி தானாக நீங்கிவிடும்; ஆனால் பிறகு குரோனியை நீக்கினால் டைம்சிங்க்டி தானாகத் திரும்பி வராது. ‘அப்படி ஒரு சேவையே இல்லை’ என்று வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். மறுபடி நிறுவிக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒத்திசையவில்லை என்றால், யு.டி.பி. 123 என்ற வாசல் அடைபட்டிருக்கிறதா என்று இணையம் கொடுப்பவரைக் கேளுங்கள். மணி கேட்பதும் சொல்வதும் அந்த வாசல் வழியாகத்தான்.

கெடு முடிவதற்கு முந்தின நாள் பதில் வந்தது. சான்று கிடைத்தது, ஓய்வூதியம் தொடரும் என்று இரண்டு வரி. அக்காவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

“அப்ப இன்னும் ஒரு வருஷத்துக்கு நான் உயிரோட இருக்கேன்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.