ஐந்தா, ஆறா?

கோல்ஃப் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! மட்டையும் பந்தும் நமக்கெதற்கு என்று தோன்றும்தான். ஆனால் நான் சொல்லப் போவது, கணக்கு எழுதப் போய்க் கோப்பையைப் பறிகொடுத்த ஒரு தாயாரின் கதை. பால் கணக்கு, சலவைக் கணக்கு, மளிகைக் கணக்கு என்று தினமும் எழுதுகிற நமக்கு இது புரியாமல் வேறு யாருக்குப் புரியும்?

விளையாட்டு ரொம்ப எளிது. புல்வெளியில் பதினெட்டுக் குழிகள். பந்தை அடித்து அடித்து ஒவ்வொரு குழியிலும் விழவைக்க வேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவருக்கு ஜெயம். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைத் தொழிலாகவே கொண்ட பெண்களுக்குப் பெரிய போட்டி ஒன்று உண்டு. யு.எஸ். விமன்ஸ் ஓப்பன் என்று பெயர். 1946-ல் ஸ்போகேன் என்ற ஊரில் முதன்முதலாக நடந்தது. பணம் போட்டது அந்த ஊர் ஆண்கள் சங்கம் ஒன்று. பணம் எங்கிருந்து வந்தது தெரியுமோ? காசு போட்டு ஆடுகிற சூதாட்ட இயந்திரங்களிலிருந்து! முதல் பரிசு பெற்ற பேட்டி பெர்க்குக்கு 5,600 டாலர் மதிப்புள்ள பத்திரங்கள் கிடைத்தன. அந்தத் தாராளம் அந்த ஒரு வருஷத்தோடு சரி. 1957-ல் முதல் பரிசு வெறும் 1,800 டாலர். பெண்கள் சம்பாத்தியம் என்றால் எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது.

அந்த 1957-ம் வருஷத்துக்குத்தான் வருகிறேன். நியூயார்க் பக்கத்தில் விங்டு ஃபுட் என்ற மைதானம். ஆட வந்தவர்களில் ஒருவர் ஜாக்கி பங். ஹவாய்த் தீவுக்காரி. நல்ல பருமனான உடம்பு, எப்போதும் சிரித்த முகம், இரண்டு பெண்களுக்குத் தாய். 1952-ல் அமெரிக்காவின் அமெச்சூர் பட்டத்தை ஜெயித்துவிட்டு, அடுத்த வருஷமே இதைத் தொழிலாக எடுத்துக்கொண்டவர். அந்த 1953-லேயே இந்த ஓப்பன் கோப்பை கைக்கு எட்டி, வாய்க்கு எட்டாமல் போனது. பெட்ஸி ரால்ஸ் என்பவரோடு சமமாக வந்து, மறுபடி ஆடித் தோற்றார்.

நாலு வருஷம் கழித்து மீண்டும் அதே இரண்டு பேர். கடைசிச் சுற்றை 72 அடிகளில் முடித்தார் ஜாக்கி. மொத்தம் 298. பெட்ஸிக்கு 299. ஒரே ஒரு அடி! கூடியிருந்தவர்கள் கைதட்ட, ஜாக்கிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் விஷயம் வந்தது. நாலாவது குழியில் அவர் அடித்தது ஆறு. அட்டையில் இருந்தது ஐந்து.

இந்த ஆட்டத்தில் நம் கணக்கை நாம் எழுதுவதில்லை. கூட ஆடுகிறவர் நம்முடையதை எழுதுவார், நாம் அவருடையதை எழுதுவோம். கடைசியில் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் அவரவர் பொறுப்பு. அன்று ஜாக்கியோடு ஆடியவர் பெட்டி ஜேம்ஸன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, 1947-ல் இதே போட்டியை ஜெயித்தவர். அந்த நாலாவது குழியில் இரண்டு பேருமே ஆறு அடித்திருக்கிறார்கள். இரண்டு பேருமே மற்றவருக்கு ஐந்து என்று எழுதியிருக்கிறார்கள்! என்ன பேச்சோ, என்ன ஞாபகமோ, யார் கண்டது? இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கீழே போட்ட கூட்டுத்தொகை 72 என்பது மிகச் சரி. ஏமாற்ற நினைக்கிறவள் கூட்டுத்தொகையை அல்லவா குறைப்பாள்? ஆனால் சட்டம் பார்ப்பது குழிக்குக் குழி எழுதிய எண்ணிக்கையைத்தான். குறைத்து எழுதியதில் கையெழுத்துப் போட்டால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். இரண்டு பேரையும் நீக்கிவிட்டார்கள். கோப்பை பெட்ஸிக்குப் போனது.

சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பெரிய புல்வெளியில் ஒவ்வொருவர் பின்னாலும் ஆள் போட்டு எண்ண முடியுமா? எழுதியதை நம்பித்தான் ஆட்டம். இருந்தாலும் மனசு கேட்கமாட்டேன் என்கிறது. அங்கே இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை. அந்தக் கிளப்பின் அங்கத்தினர்களும் மற்றவர்களும் அப்போதே பையிலிருந்து எடுத்துப் போட்டு ஒரு தொகை சேர்த்து ஜாக்கியிடம் கொடுத்தார்கள். அது முதல் பரிசை விட அதிகம்!

பெட்ஸியைக் குறை சொல்லக் கூடாது. அவர் தன் கணக்கைச் சரியாக எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். மொத்தம் நாலு தடவை இந்தப் பட்டத்தை வென்றவர் அவர். பிற்காலத்தில் பெண்கள் பந்தயங்களை நடத்தும் பொறுப்பில் இருந்தார். 1980-ல் ஆண்களின் யு.எஸ். ஓப்பனுக்கே விதிகளைக் கவனிக்கும் குழுவில் இடம் பெற்றார். அதில் இடம் பெற்ற முதல் பெண் அவர்தான்.

கோப்பையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்கள் ஜெயிக்கிற இந்த வெள்ளிக் கோப்பைக்கு இன்றைக்கு இருப்பது ஓர் ஆண் பெயர். அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் தலைவராக இருந்த ஹார்ட்டன் ஸெம்பிளின் பெயர். கூடவே கொடுக்கிற தங்கப் பதக்கத்துக்கு மட்டும், 2020-ல் காலமான மிக்கி ரைட்டின் பெயரை வைத்தார்கள். அவரும் நாலு தடவை ஜெயித்த வீராங்கனைதான். பெண் பெயர் வர இத்தனை வருஷம் ஆயிற்று பாருங்கள்!

ஜாக்கிக்கு அந்தக் கோப்பை கடைசிவரை கிடைக்கவில்லை. ஹவாயில் வருகிறவர்களுக்கு கோல்ஃப் சொல்லிக் கொடுத்துக்கொண்டு நெடுங்காலம் வாழ்ந்தார். 2014-ல் ஹானலூலுவில் பிறந்த மிஷேல் வீ அதே கோப்பையைத் தூக்கியபோது ஜாக்கிக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. 2017-ல் காலமானார். 2023-ல் இன்னொரு ஹானலூலு பெண், அலிசன் கார்ப்பஸ், பெபிள் பீச்சில் ஜெயித்தார். முதல் பரிசு இருபது லட்சம் டாலர்.