அட்டையில் வெறும் ‘மியூசிக்’

ரெக்கார்டிங் சென்டர்களில் அப்போது ஒரு வழக்கம் உண்டு. எழுதிக்கொடுத்த பாட்டுகளைப் பதிந்தது போக நாடா மிச்சமிருந்தால், கடைக்காரர் தனக்குப் பிடித்த எதையாவது அதில் ஓடவிட்டுவிடுவார். அறந்தாங்கியில் பதிந்த ஒரு கேசட்டின் ‘பி’ பக்கக் கடைசியில் எனக்கு அப்படி ஒரு வயலின் கிடைத்தது. அட்டையில், பாட்டு வரிசைக்குக் கீழே ‘மியூசிக்’ என்று மட்டும் எழுதியிருந்தார். வயலின் வேகமெடுக்கும் இடத்தில் நாடா தீர்ந்து, பொத்தான் டக்கென்று எழும்பிவிடும். அந்தத் தட்டின் பெயரே ‘ஹவ் டு நேம் இட்?’ என்று பின்னால் தெரிந்தபோது கடைக்காரரை நினைத்துக்கொண்டேன்.

1986இல் இளையராஜா தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம் அது. வயலின், வி. எஸ். நரசிம்மன். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற துண்டில், பாக் ஒற்றை வயலினுக்கென்று எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பு வருகிறது. தனியாக ஒலிக்கவென்று எழுதிய அந்த வயலினுக்கு ராஜா பேச்சுத்துணை சேர்க்கிறார். அடுத்த துண்டின் பெயர் ‘அண்ட் வீ ஹேட் எ டாக்’. பேசினார்கள், சரி. என்ன பேசினார்கள் என்பதற்கு ஒரு வார்த்தையும் கிடையாது.

வார்த்தையில்லாத பாட்டு நிற்குமா என்ற சந்தேகம் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. 1960இல் லண்டனில் ஷேடோஸ் குழு ‘அப்பாச்சி’யைப் பதிந்தது. அதை இயற்றிய ஜெர்ரி லார்டன் அவர்களுக்கு முதலில் ஒரு சின்ன யுகுலேலேயில்தான் வாசித்துக் காட்டினார். ஹாங்க் மார்வின் எக்கோ பெட்டியை மாட்டி, கிடாரின் ஒவ்வொரு மீட்டலுக்கும் ஒரு வால் முளைக்க வைத்தார். லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட், அந்தக் குழுவின் பாடகர், அன்று பாட வேலையில்லாமல் சீன மத்தளம் ஒன்றைத் தட்டினார். தயாரிப்பாளருக்கோ தட்டின் மறுபக்கத்துப் பாட்டின் மேல்தான் கண். ‘அப்பாச்சி’ ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. கீழே தள்ளியது கிளிஃப் பாடிய பாட்டையே.

எங்கள் ஆவுடையார்கோவிலில் வளர்ந்தவர்களுக்கு, வார்த்தை இல்லாமலே ஒரு பாட்டு நிற்பது அவ்வளவு புதிரில்லை. ஆத்மநாதர் சன்னதியில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். எதிரே நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. நைவேத்தியம் புழுங்கலரிசிச் சோறு, கீரை, பாகற்காய். வடித்த சோற்றை அப்படியே கொண்டுவந்து படைகல்லில் கொட்டிப் பரப்புவார்கள். கல் முழுக்க வெள்ளையாகி, அதன் மேல் ஆவி கிளம்பும். வாசலைத் தாண்டி உள்ளே போகும். சுவாமிக்கு அந்த ஆவிதான் படையல். சின்ன வயதில் நான் சோற்றைப் பார்க்கவே மாட்டேன், ஆவி எந்தப் பக்கம் வளைகிறது என்றுதான் பார்ப்பேன். நரசிம்மனின் வயலினைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் படைகல் ஞாபகம் வரும். கீழே சோறு சூடாக இல்லாமல் ஆவி எழாது. ராஜாவிடம் அந்தச் சூடு, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகத் தாளில் எழுதிவைக்கிற கணக்கு.

1988இல் வெளிவந்த ‘வீடு’ படத்தை எடுத்தபோது பாலுமகேந்திரா பாட்டே வைக்கவில்லை. ஏற்கெனவே வெளிவந்திருந்த இந்த ஆல்பத்திலிருந்துதான் பின்னணி இசையை எடுத்துக்கொண்டார். படத்துக்காகப் போட்ட இசையே இல்லை என்றால் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். படத்தில் பெரியவராக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி எழும்பிய வீட்டைப் பார்க்க வருவாரே, சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பாரே, அங்கே ஒரு பாட்டு இருந்திருந்தால் பெரியவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கவிஞர் முந்திக்கொண்டு சொல்லியிருப்பார்.