தேக்காவில் பிராட்டா வீசும் கைகள்

சிங்கப்பூருக்குப் புறப்படுகிறவர்கள் தவறாமல் கேட்பது, "அங்கே எங்கே சாப்பிடுவது?" என்றுதான். சீனர், மலாய்க்காரர், தமிழர், யுரேசியர் என்று பல இனத்தவர் கலந்து வாழும் ஊர் அது. தெருவுக்குத் தெரு உணவகம் இருக்கும்போது அந்தக் கேள்வி நியாயமானதே. என் பதிலில் மாற்றமில்லை: முதலில், சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரைக்குக் கீழ் கூடியிருக்கும் உணவங்காடி நிலையத்துக்குப் போங்கள். நல்ல சாப்பாடு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, சமைக்கிறவரின் கைவேலையை அங்கே நேருக்கு நேர் பார்க்கலாம். அதைப் பார்க்கத்தான் ஒரு விடிகாலையில் தேக்காவுக்குப் போனேன்.

லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலே தேக்கா நிலையம். 1982இல் திறக்கப்பட்ட கட்டடம். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் ஈரச்சந்தை, மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள், மேல்தளத்தில் துணிக்கடைகளும் தையல் கடைகளும். நான் போனபோது சந்தையில் மீன் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சாப்பாட்டுப் பகுதியில் பாதிக் கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஆனால் பிராட்டா (பரோட்டாவுக்கு இந்த ஊர்ப் பெயர்) போடும் கடையில் கல் காய்ந்துவிட்டது.

கடை என்றால் நான்கைந்து எட்டில் முடிந்துவிடும் இடம். முன்னால் பெரிய இரும்புக் கல், பக்கத்தில் எண்ணெய் தடவிய எஃகு மேசை, மூலையில் குழம்புப் பானைகள். அதற்குள் இரண்டு பேர். வீசுகிறவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். அவருடைய வாப்பா கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவர். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்கள் இந்த ஊரில் பல தலைமுறைகளாக வேரூன்றியவர்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இலேயே தொடங்கப்பட்டுவிட்டது.

"மாவு எப்போ பிசைஞ்சீங்க பாய்?" என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலமே தம்பி. நல்லாத் தூங்கி எந்திரிச்ச மாவுதான் கைக்குப் பணியும்."

மைதா, உப்பு, கொஞ்சம் சீனி, நெய், தண்ணீர். பிசைந்து ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி உருண்டைகளாகக் கிள்ளி, எண்ணெய் தடவி மறுபடி ஊறவைக்கிறார்கள். காலையில் அந்த உருண்டையை எடுத்து உள்ளங்கையால் தட்டி விரிக்கிறார். பிறகு ஓரத்தைப் பிடித்துத் தூக்கி மேசைமேல் ஒரு வீச்சு. திருப்பி இன்னொரு வீச்சு. தோள் அதிகம் அசைவதில்லை, மணிக்கட்டுதான் சுழல்கிறது. மாவு அடியிலிருக்கும் மேசை தெரியும் அளவுக்கு மெலிந்துவிடுகிறது, ஆனால் கிழிவதில்லை. நாலு பக்கமும் மடித்துச் சதுரமாக்கிக் கல்லில் போடுகிறார். நம்மூர்ப் பரோட்டா சுருட்டித் தட்டுவது. இங்கே பெரும்பாலும் மடிப்பதுதான் வழக்கம். வெந்ததும் இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடித்து அடுக்கைப் பிரிக்கிறார். கை சுடாதா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே உள்ளங்கையை நீட்டினார். விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்திருந்தது.

முதல் வாடிக்கையாளர் ஒரு சீனப் பாட்டி. "கோசோங் டுவா, தெலோர் சத்து" என்றார். சாதா இரண்டு, முட்டை போட்டது ஒன்று. பாயும் மலாயிலேயே பதில் சொன்னார். பாட்டி மீன்குழம்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சீனி தொட்டுச் சாப்பிட்டார். அடுத்து வந்த மலாய் இளைஞருக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. எனக்குப் பருப்பும் மீன்குழம்பும் கலந்து ஊற்றினார்கள். வெளிப்புறம் மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அந்தப் புளிப்பான குழம்பில் தோய்த்துத் தின்றபோது, இந்த ருசிக்காக மட்டுமே விடிகாலையில் எழுந்து வரலாம் என்று தோன்றியது.

மதியத்துக்குள் மற்றக் கடைகளும் திறந்துவிட்டன. பிரியாணிக் கடைக்கு எதிரில் சீனரின் வாத்துக்கறிச் சோறு. ஓரிடத்தில் மீ கோரெங் வறுபடுகிறது. சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை எடுத்து, மிளகாய் விழுது, தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டை சேர்த்து நம்மவர்கள் வறுத்த பண்டம் அது. தமிழ்நாட்டில் அப்படியொரு உணவு கிடையாது. மீன்தலைக் கறியின் கதையும் இப்படித்தான். 1949இல் கேரளத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோமஸ் தம் உணவகத்தில், தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களுக்காக அதைத் தென்னிந்தியக் குழம்பில் போட்டுக் கொடுத்தார் என்பார்கள். பக்கத்துக் கடைக்காரரின் பொருளையும் எதிரே நிற்கும் வாடிக்கையாளரின் நாக்கையும் கவனித்த சமையல்காரர்கள் உருவாக்கியவை இவை.

இத்தனை பேர் ஒரே கூரைக்குக் கீழ் வந்தது தற்செயலல்ல. ஒரு காலத்தில் இவர்கள் எல்லோரும் தெருவில் நின்றவர்கள். தள்ளுவண்டியும் காவடியுமாக வியாபாரம். குழாய்த் தண்ணீர் இல்லை, கழிவெல்லாம் சாக்கடைக்கும் சிங்கப்பூர் ஆற்றுக்கும் போனது. 1968-69இல் அரசு அவர்களைக் கணக்கெடுத்து ஏறத்தாழ 18,000 பேருக்கு உரிமம் கொடுத்தது. 1971இலிருந்து தண்ணீர், மின்சாரம், வடிகால் வசதியோடு நிலையங்கள் கட்டி, 1986க்குள் தெருக் கடைக்காரர்களைக் குடியமர்த்தி முடித்தது. விரட்டியடித்திருந்தால் அவர்களின் தொழிலும் நகரத்தின் சமையலும் சேர்ந்தே அழிந்திருக்கும். இடம் கொடுத்ததால் இரண்டும் பிழைத்தன. தெருவோர வியாபாரிகளைப் பற்றி நம் நகரங்கள் முடிவெடுக்கும்போது நினைத்துப் பார்க்க வேண்டிய பாடம் இது.

பெருமைகளுக்கும் குறைவில்லை. 2016இல் இந்த ஊரின் இரண்டு எளிய கடைகளுக்கு மிச்சலின் நட்சத்திரம் கிடைத்தது. அவற்றில் ஒன்று சைனாடவுனில் இருக்கும் சோயா சாஸ் கோழிச்சோற்றுக் கடை. 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் பெருமை மாவு பிசையாது. அங்காடிக்காரர்களில் பாதிப் பேர் அறுபதை எட்டியவர்கள், அல்லது தாண்டியவர்கள். பாய்க்குத் தோள்பட்டை வலி, ராத்திரியில் கையைத் தூக்க முடிவதில்லை. "பிள்ளைங்க படிச்சுட்டாங்க. இந்தச் சூட்டுல வந்து நிப்பாங்களா? நானே நிக்கச் சொல்ல மாட்டேன்" என்றார். வேலை அனுமதிச் சீட்டில் வரும் வெளிநாட்டு ஊழியரை உணவங்காடி நிலையக் கடையில் வைத்துக்கொள்ள விதி இடம்தருவதில்லை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து வரும் பரோட்டா மாஸ்டர்கள் சிராங்கூன் ரோட்டு உணவகங்களுக்குப் போகிறார்கள். மாவு, எண்ணெய், மின்சாரம் எல்லாம் ஏறிவிட்டன. விலையைச் சிறிது ஏற்றினாலும் வாடிக்கையாளர் முகம் வாடுகிறது. குளிரூட்டிய கடையில் காப்பிக்கு ஏழெட்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவர்கள், பிராட்டாவுக்குப் பத்துக் காசு கூடினால் கணக்குப் பார்க்கிறார்கள்.

அரசும் சும்மா இருக்கவில்லை. புதியவர்களுக்குப் பயிற்சியும், பழகிப் பார்க்கக் குறைந்த வாடகையில் கடையும் கொடுக்கும் திட்டங்களை நடத்துகிறது. இளைஞர்கள் சிலர் வருகிறார்கள். ஆனால் உடம்பை வருத்தும் ஒரு தொழிலுக்கு அந்த உழைப்புக்கேற்ற வருமானம் இல்லாவிட்டால், எந்தப் பயிற்சியும் அதை நெடுநாள் காப்பாற்றாது. மலிவான சாப்பாட்டின் விலையை இதுவரை இந்தப் பெரியவர்களின் உடம்புதான் கொடுத்துவந்திருக்கிறது. அந்தச் சுமையில் ஒரு பங்கைச் சாப்பிடுகிறவர்கள் ஏற்க வேண்டும் என்பதே என் முடிவு.

சிங்கப்பூர் போனால் பிராட்டாவுக்கும் பிரியாணிக்கும் தேக்காவுக்குப் போங்கள். மலாய்ச் சாப்பாட்டுக்குக் கேலாங் சிராய் போங்கள். சீன உணவுக்கு, இருநூற்றுக்கும் மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் சைனாடவுன் நிலையத்துக்குப் போங்கள். வரிசை நீளமாக இருந்தால் பொறுமையாக நில்லுங்கள். சாப்பிட்டதும் தட்டை எடுத்துப் போய் அதற்குரிய இடத்தில் வையுங்கள். ஹலால் தட்டுகளுக்குத் தனியிடம் உண்டு, பார்த்து வையுங்கள். போன முறையைவிட விலை கொஞ்சம் கூடியிருந்தால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிட்டு, நன்றாக இருந்தது என்று சமைத்தவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.