பதினாறோடு நின்றுபோகும் வேன்

இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனைக் கற்பனை செய்து பாருங்கள். வயது 15. தினமும் காலையில் கவுன்சில் அனுப்பும் வேன் வாசலில் வந்து நிற்கும். தெரிந்த டிரைவர், தெரிந்த உதவியாளர். வாரம் ஐந்து நாளும் பள்ளி. அடுத்த வருடம் 16 முடிந்து செப்டம்பரில் காலேஜ் சேர்கிறான். முதல் நாள் காலை வேன் வரவில்லை. ஏன்?

வேடிக்கை என்னவென்றால், அவன் படிப்பை விட முடியாது. 2008-ல் வந்த சட்டப்படி 18 வயதுவரை ஏதாவது ஒரு படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தே ஆகவேண்டும். 2015-லிருந்து இது முழுமையாக அமலில் இருக்கிறது. ஆனால் இலவச வண்டி அனுப்பும் கடமை "கட்டாயப் பள்ளி வயது"க்கு மட்டும்தான். அது 16-ல் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன உதவி என்று ஒவ்வொரு கவுன்சிலும் தானே முடிவு செய்து வருடாவருடம் அறிவிக்க வேண்டும். பல கவுன்சில்கள் கட்டணம் கேட்கின்றன. போய்த்தான் ஆகவேண்டும், ஆனால் எப்படிப் போவது என்பது உன் பாடு!

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. முன்பு இருந்த "ஸ்டேட்மென்ட்" பள்ளியோடு காலாவதியாகிவிடும். 2014 சட்டம் அதை மாற்றி, கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்த ஒரே திட்டத்தை 25 வயதுவரை நீட்டிக்க வழி செய்தது. பள்ளியிலிருந்து காலேஜுக்கு மாறுகிறவனுக்கு, அந்த வருடம் மார்ச் 31-க்குள் காலேஜ் பெயரைத் திட்டத்தில் எழுதிவிட வேண்டும். தேதி தவறினால் என்ன ஆகும்? காலேஜ் உதவியாளரை நியமிக்காது. கோடை விடுமுறை முழுக்க வீட்டில் போன் அழைப்புகள்தான். புது இடத்தை முன்கூட்டியே நாலு தடவை பார்த்துப் பழக வேண்டிய பையனுக்கு எந்த இடம் என்றே தெரியாது.

இடம் கிடைத்தாலும் பல படிப்புகள் வாரத்துக்கு மூன்று நாள்தான். முடிந்தவரை ஐந்து நாளுக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்று 2015-ல் வந்த அரசு வழிகாட்டி சொல்கிறது. மிச்ச இரண்டு நாளுக்கு ஏற்பாடு இல்லையென்றால், அம்மாவோ அப்பாவோ வேலையை விட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும்.

கவுன்சில்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தேசியத் தணிக்கை அலுவலகம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, இந்தத் திட்டங்களின் எண்ணிக்கை 2015-லிருந்து 140 சதவீதம் கூடியது. இதற்கான அரசு நிதி பத்து வருடத்தில், விலைவாசி உயர்வு போக, 58 சதவீதம்தான் கூடியது. பணம் போதவில்லை, உண்மை. ஆனால் மார்ச் மாதம் எழுதவேண்டிய ஒரு காலேஜ் பெயரை ஆகஸ்டில் எழுதினால் எந்தப் பணம் மிச்சமாகிறது?

தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2022-23-ல் அங்கே முடிவு சொல்லப்பட்ட வழக்குகளில் 98 சதவீதம் குடும்பங்களுக்குச் சாதகம். இவ்வளவு பேர் ஜெயிக்கிறார்கள் என்றால், வழக்குக்கே போகாமல் கிடைத்திருக்க வேண்டியது எவ்வளவு?

இன்னொன்று. கட்டாயப் பள்ளி வயது முடிந்ததும் அந்த வழக்குப் போடும் உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கே போய்விடுகிறது. நல்ல எண்ணம்தான், அவனும் ஒரு மனிதன், அவன் குரலும் கேட்கவேண்டும். பெற்றோர் உதவலாம். ஆனால் வேன் வராத காலையில் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பவனிடம், "உனக்கு மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது" என்று ஒரு கடிதத்தைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்?

பிள்ளைக்கு வயது 16 ஆகிவிட்டது என்பதால் தேவை குறைந்துவிடுவதில்லை. வேனை நிறுத்துவதற்கு முன் யாராவது இதை யோசித்தால் போதும்.